அணில் பாடும் கடைசிப் பாட்டு

எனக்கு அந்த அணிலைப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாயந்திரம் ஐந்தரை மணிக்கு டிவியில் வரும் துணிப் பொம்மை அது. சாம்பல் நிறக் கம்பளித் துணி, முதுகில் மூன்று கோடு, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புப் பொத்தான். மேசைக்குப் பின்னால் யாரோ ஒளிந்துகொண்டு உள்ளே கையை விட்டு ஆட்டுகிறார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு குரல். கூடவே மேளம் அடிக்க ஒரு தவளை, ஆர்மோனியம் வாசிக்க ஒரு ஆந்தை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வயது வராத பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி. பல் தேய்க்க ஒரு பாட்டு, பால் குடிக்க ஒரு பாட்டு, கை கழுவ ஒரு பாட்டு. ஆபீஸ் விட்டுத் தலைவலியோடு வருகிறவன் காதில் இது விழுந்தால் எப்படி இருக்கும் என்று யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.

என் வேலை கப்பல் ஏஜென்ட் ஆபீஸில். எந்தக் கப்பல் எப்போது வரும் என்று சொல்வதுதான் அதில் பாதி. லாரிக்காரர் கேட்பார், சரக்குக்காரர் கேட்பார், குடோன்காரர் கேட்பார். "அண்ணாச்சி, கப்பல் என்னைக்குக் கரையில கட்டும்?" என்று போன் அடித்துக்கொண்டே இருக்கும். கப்பல் கொழும்பை விட்டே கிளம்பியிருக்காது. அல்லது கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வந்து, இடமில்லாமல் நங்கூரம் போட்டு நிற்கும். இன்று இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுவேன். கத்துவார்கள். நானும் பதிலுக்குக் கத்துவேன். பொய் மட்டும் சொன்னதில்லை, சொன்னால் மறுநாள் அவர்களே ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார்கள்.

என் மனைவி நர்ஸ், சாயர்புரத்துப் பெண். மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து அவள் போனபோது எங்கள் மகளுக்கு இரண்டு வயது முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. எதற்குப் போனாள் என்று கேட்காதீர்கள். எங்கள் தெருவில் யாரும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை. வீட்டுக்கு ஒருவர் வெளியில்தான் இருக்கிறார்கள். கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வரும்.

வெளிநாட்டுக்குக் கிளம்புவதற்கு எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. சின்னப் பிள்ளை இருக்கும் வீடானால், பிள்ளை தூங்கும்போதே கிளம்பிவிட வேண்டும். பெட்டியை முந்தின நாளே பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். கார் தெருமுனையில் நிற்கும். வீட்டு வாசலில் ஹாரன் அடிக்கக் கூடாது. பிள்ளை விழித்துப் பார்க்கும்போது ஆள் ஊர் தாண்டியிருக்க வேண்டும். பிள்ளை பின்னால் நின்று அழுதால் போகிற காரியம் துலங்காது என்பார்கள். அது வெளியே சொல்லும் காரணம். உள்ளே இருக்கும் காரணம் வேறு. பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு அழுதால் எந்தத் தாய்க்கும் கார் ஏற மனம் வராது.

இந்த முறையில் கரைகண்டவள் என் அக்கா. எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரரும் வளைகுடாவில்தான் இருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அவரை அப்படித்தான் வழியனுப்பினாள். "எம்புள்ளைக எல்லாம் நல்லாத்தானல இருக்கு" என்பாள். இருக்கிறார்கள்தான். அவள் மகன் கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறான். லீவுக்கு வந்து திரும்பும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டான். பஸ் ஏறிய பிறகு ஒரு மெசேஜ் வரும். கூச்ச சுபாவம் என்பாள் அக்கா.

அப்படித்தான் என் மனைவியும் ஒரு விடியற்காலையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

மகள் எழுந்து அம்மாவைத் தேடினாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பாத்ரூம் கதவுக்குப் பின்னால் பார்த்தாள். கிரைண்டர் இருக்கும் மூலையில், துணி மூட்டைக்குப் பின்னால், எல்லா இடத்திலும் பார்த்தாள். ஒளிந்து விளையாடுகிறோம் என்று நினைத்தாளோ என்னவோ, முதலில் சிரித்துக்கொண்டேதான் தேடினாள். நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். மத்தியானம் தேடுவதை விட்டுவிட்டாள். அழவே இல்லை. "பாத்தியா, ஒண்ணும் ஆவல" என்றாள் அக்கா.

ஒன்றும் ஆகாமல் இல்லை. அன்று முதல் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். தூக்கத்தில் கை நழுவினால் விழித்துவிடுவாள். நான் பாத்ரூம் கதவைச் சாத்தக் கூடாது. அம்மா வீடியோ காலில் வந்தால் மேசைக்கு அடியில் போய்விடுவாள். மற்றபடி பேசாத பிள்ளை இல்லை, வாய் ஓயாது. போனில் அம்மா முகம் தெரிந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். நான் போனைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு அடியில் குனிவேன். மஸ்கட்டில் இருக்கிறவளுக்கு மகளின் உச்சந்தலை மட்டும் தெரியும். "முடி வளந்துருக்கு" என்று சிரிப்பாள். பிறகு, "என்னைய மறந்துட்டாளாங்க?" என்று கேட்பாள். நெட் சரியில்லை என்று சொல்லி போனை வைத்துவிடுவேன்.

சொந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை அந்த அணிலிடம் கொட்டித் தீர்த்தாள். அதுதான் எனக்கு ஆத்திரம்.

அந்த அணில் ஒரு கேள்வி கேட்கும். கேட்டுவிட்டுக் காதில் கையை வைத்துக்கொண்டு காத்திருக்கும். "இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் என் மகள் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "தோச. அத்த சுட்டா. கருகிட்டு" என்பாள். "அப்படியா! ரொம்ப நல்லது!" என்று குதிக்கும் அது. தோசை கருகியது அதற்கு எப்படித் தெரியும்? ஆனால் அவளுக்கு அது போதுமாக இருந்தது. நிகழ்ச்சி முடியும்போது ஒரு பாட்டு உண்டு. தவளை மெதுவாகத் தட்ட, ஆந்தை வாசிக்க, அணில் முன்னால் வந்து நின்று பாடும்.

போயிட்டு வரேன், போயிட்டு வரேன்,
கையை ஆட்டு, கன்னம் காட்டு!
தூங்கி எழுந்தா விடிஞ்சு போகும்,
நாளைக்கு வருவேன் இதே நேரம்!

மகள் கையை ஆட்டுவாள். டிவிக்குப் பக்கத்தில் போய்க் கன்னத்தைக் காட்டுவாள். பாட்டு முடிந்ததும் தானே டிவியை அணைத்துவிட்டு விளையாடப் போய்விடுவாள். இன்னும் வேண்டும் என்று ஒரு அடம் கிடையாது. மறுநாள் ஐந்தரைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தயாராக இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை கூட அந்த அணிலுக்கு லீவு இல்லை.

ஒருநாள் என்னால் பொறுக்க முடியவில்லை. அம்மாவின் போன் வந்து, இவள் மேசைக்கு அடியில் போய், அவள் அங்கே அழுது, நான் இங்கே போனை வைத்த சாயந்திரம் அது. இவள் டிவியைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏ பாப்பா, அது வெறும் துணி. உள்ள ஒரு ஆளு கைய விட்டு ஆட்டுதான். அதுட்ட இம்புட்டு பேசுத. அம்மாட்ட பேச மாட்டேங்க."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லித் தருகிற முகம்.

"அது சொல்லிட்டுத்தான் போவும்" என்றாள்.

சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். மேசைக்கு அடியில் அவள் ஏன் போகிறாள் என்று அதுவரை எத்தனையோ காரணம் யோசித்திருந்தேன். கூச்சம், மறதி, பிடிவாதம், போன் வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்பது வரைக்கும். அவள் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அம்மா சொல்லாமல் போய்விட்டாள்.

மனைவி ஒரு மாத லீவில் வந்தாள். முதல் இரண்டு நாள் மகள் என் காலுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். பிறகு, அம்மா கொண்டுவந்த பேரீச்சம்பழ டப்பாவை வைத்து விளையாடினாள், அம்மாவிடம் போகவில்லை. மனைவி புத்திசாலி. ஐந்தரைக்கு அவளும் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். அணில் கேள்வி கேட்டதும் மனைவியும் பதில் சொன்னாள். "மீன் கொழம்பு! சாள மீன்!" என்று கத்தினாள். மகள் ஓரக்கண்ணால் பார்த்தாள். மறுநாள் தன் நாற்காலியைக் கொஞ்சம் நெருக்கிப் போட்டாள். அடுத்த வாரம் நாற்காலி தேவைப்படவில்லை, அம்மா மடி போதுமாக இருந்தது.

அந்த நாட்களில் வீட்டில் எந்நேரமும் அந்தப் பாட்டுதான். குளிப்பாட்டும்போது பாடுவார்கள். துணி காயப்போடும்போது பாடுவார்கள். மனைவி கடைக்குப் போனாலும் வாசலில் நின்று, "போயிட்டு வாரேன், போயிட்டு வாரேன்" என்று ஆடிக் காட்டிவிட்டுத்தான் போவாள். மகள் கன்னத்தைக் காட்டுவாள். கொத்தமல்லியும் தக்காளியுமாக அவள் திரும்பி வரும்வரை சமாதானமாக விளையாடுவாள். என் சட்டைக் காலருக்கு விடுதலை கிடைத்தது. இரவில் அந்தக் கை அம்மாவின் கூந்தலுக்குள் போய்விட்டது. அந்த அணிலைப் பாராட்டக்கூடத் தோன்றியது எனக்கு.

லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போது அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"பெட்டிய மேல கொண்டாந்து வச்சிரு. காரு வெள்ளென நாலு மணிக்கு முக்குல நிக்கட்டும். புள்ள எந்திரிக்க ஏழு ஆவும்லா."

"இந்தத் தடவ சொல்லிட்டுத்தான் போவணும்" என்றேன்.

"ஏலே, கூறுகெட்டவனே! புள்ள பின்னால நின்னு அழுதா போற எடம் வெளங்குமா? பெத்தவ எப்பிடி காரு ஏறுவா?"

"சொல்லாமப் போயி ஒரு வருஷமா மேசைக்கடியில கெடந்தாளே, அது வெளங்குச்சா?"

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. தன் பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். நானும் அவர்களை நினைத்துத்தான் சொன்னேன். மனைவி எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றாள். "அவ அழுதா நான் போமாட்டேன் மதினி. எனக்கு என்னையத் தெரியும்" என்று அக்காவிடம் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "ஆனா அவரு சொல்லுததும் சரிதான்" என்றாள்.

நான் விடவில்லை. விமானம் திருவனந்தபுரத்திலிருந்து பின்னிரவில்தான். நாலு மணிக்கு இருட்டோடு கிளம்பிப் போய் நாள் முழுக்க அங்கே காத்துக் கிடக்கவேண்டிய தேவையே இல்லை. சாயந்திரம் ஆறு மணிக்குக் கார் வந்தால் போதும். வாசலில் நிற்கட்டும், ஹாரன் அடிக்கட்டும். அணில் முடிந்தவுடன், அம்மாவும் அதே பாட்டைப் பாடிச் சொல்லிவிட்டுப் போகட்டும். மகளுக்குத் தெரிந்த முறையில், மகளுக்குப் பிடித்த முறையில். இதை நான்தான் யோசித்துச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

அன்று பெட்டி ஹால் நடுவிலேயே இருந்தது. ஆஸ்பத்திரி சிநேகிதிகளுக்கு வாங்கிய எங்கள் ஊர் மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தை மகளே உள்ளே வைத்தாள். ஐந்தரைக்கு இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். அணில் கேட்டது, இவர்கள் பதில் சொன்னார்கள். கடைசிப் பாட்டு முடிந்தது. மகள் டிவியை அணைத்தாள். மனைவி எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அணில் நிற்கிற மாதிரியே கழுத்தைச் சாய்த்து நின்று பாடினாள். போயிட்டு வாரேன் என்றாள். கையை ஆட்டு என்றாள். கன்னம் காட்டு என்றாள். குரல் உடையாமல் நாலு வரியையும் பாடி முடித்தாள். மகள் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள், இரண்டு கன்னத்தையும் காட்டினாள், வாசல் வரைக்கும் வந்தாள். கார் திரும்புகிற வரைக்கும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

அக்காதான் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நீ சொன்னது சரிதாம்ல" என்றாள். என் அக்கா வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது லேசுப்பட்ட காரியமில்லை. நான் தெருவைப் பார்த்தபடி, பெரிய மனிதன் மாதிரி தலையை ஆட்டினேன். அன்று மகள் யார் காலரையும் பிடிக்காமல், யார் முடியையும் பிடிக்காமல், தனியாகக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கினாள். மறுநாள் ஆபீஸில், குழந்தைகளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அவர்களுக்கு எல்லாம் புரியும் என்று பக்கத்து மேசைக்காரருக்கு உபதேசம்கூட செய்தேன்.

அன்று சாயந்திரம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது கேட்டுக்குப் பின்னால் அந்த பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதில் மகள் உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, பவுடர் பூசி, அம்மா எடுத்துக் கொடுத்த மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் படியில், அம்மா விட்டுவிட்டுப் போன பழைய செருப்பு, உள்ளே வந்ததும் மாட்டிக்கொள்ள வசதியாக இரண்டும் நேராக வைக்கப்பட்டிருந்தது. உள்ளே டிவி ஓடவில்லை.

"அஞ்சு மணில இருந்து இங்கனயேதான் இருக்கா. டிவில அணிலு போட்டுருக்கான், வா புள்ளன்னா வரமாட்டேங்கா" என்றாள் அக்கா. அவள் குரல் இறங்கியிருந்தது. எதற்கு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை.

"என்ன பாப்பா, வெளிய ஒக்காந்துருக்க?"

"அம்மா வருவா" என்றாள் மகள். "இதே நேரம்."

பைக்கை ஸ்டாண்டு போடக்கூட எனக்குத் தோன்றவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன். நாளைக்கு வருவேன் இதே நேரம். நாலாவது வரி. மூன்று பெரியவர்கள் வீட்டில் இருந்தோம். ஒரு மாதமாக நாள் முழுக்கக் கேட்ட பாட்டு. ஒருவருக்கும் அந்த வரி காதில் விழவில்லை. அவளுக்கு மட்டும் விழுந்திருக்கிறது. கடைக்குப் போன அம்மா அந்தப் பாட்டைப் பாடிவிட்டுப் போய், ஒவ்வொரு தடவையும் வந்துவிட்டாள். அணில் ஒவ்வொரு நாளும் வந்துவிட்டது. பிறகு அவள் எப்படி நினைப்பாள்?

அக்கா என் காதருகே வந்து, "நாளைக்கு வருவான்னு சொல்லுல. புள்ள தூங்கட்டும். ரெண்டு நாள்ல மறந்துருவா" என்றாள்.

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. எத்தனையோ முரட்டு லாரிக்காரர்களிடம் இன்று இல்லை என்று சொன்ன வாய்க்கு, மூன்றரை வயதுப் பிள்ளையிடம் சொல்ல வரவில்லை. பைக்கைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். துறைமுகப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததால் அதைத் தொட்டுத் தள்ள வேண்டியிருந்தது. மகள் அதை எடுத்து மறுபடி நேராக வைத்தாள்.

"பாப்பா, அம்மா இன்னைக்கு வரமாட்டா."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வரமாட்டா."

"நாளைக்கு நாளைக்கு?"

"அப்பவும் இல்ல பாப்பா. ரொம்ப நாளு ஆவும்."

"அம்மா பாடுனா" என்றாள். செருப்பைப் பார்த்துக்கொண்டு மறுபடியும், "அம்மா பாடுனாளே" என்றாள்.

பிறகு அழுதாள். அம்மா முதல் தடவை போன அன்று அழாத அழுகை, மேசைக்கு அடியில் அழாத அழுகை, எல்லாம் சேர்ந்து வந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நான் தூக்கினால் உதைத்தாள், விட்டால் என் காலரைப் பிடித்தாள். அக்காவும் உள்ளே போய் அழுதாள் என்று நினைக்கிறேன். எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது. உண்மையாகவே சொல்கிறேன், அப்படித்தான் இருந்தது.

அழுது ஓயும்போது போன் அடித்தது. மனைவிதான், காலையில் போய்ச் சேர்ந்ததாக மெசேஜ் போட்டவள் இப்போது வீடியோவில் கூப்பிட்டாள். அக்கா வேண்டாம் என்று ஜாடை காட்டினாள். நான் எடுத்துவிட்டேன்.

மகள் ஒளியவில்லை. போன் திரையில் தன் அம்மாவை நேருக்கு நேராகப் பார்த்தது அன்றுதான் முதல்முறை.

"நாளைக்கு வருவேன்னு சொன்ன" என்றாள்.

மனைவி என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவளுக்கு விளங்கிவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சீக்கிரம் வந்துவிடுவேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். எல்லோரும் சொல்வது அதுதான்.

"அம்மா தப்பாப் பாடிட்டேன் தாயி" என்றாள். "அம்மாவால நாளைக்கு வர முடியாது. என்னைக்கு வருவேன்னு அம்மாவுக்கே தெரியல. தெரிஞ்சதும் ஒங்கிட்டதான் முதல்ல சொல்லுவேன்."

மகள் மேசைக்கு அடியில் போகவில்லை. வீங்கின கண்ணோடு அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று முதல் போனில் பேசுகிறாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான், "தெரிஞ்சிட்டா?" என்று கேட்பாள். "இன்னும் இல்ல தாயி" என்பாள் அம்மா. "சரி" என்று சொல்லிவிட்டுத் தோசைக் கதைக்குப் போய்விடுவாள்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அணிலை இப்போதும் பார்க்கிறாள். கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறாள், தவளை மேளம் அடித்தால் தொடையில் தாளம் போடுகிறாள். கடைசிப் பாட்டுக்கு ஆந்தை ஆர்மோனியத்தை இழுத்ததும் எழுந்து போய் டிவியை அணைத்துவிடுகிறாள். அணில் ஒரு கையைத் தூக்கியிருக்கும், அதற்குள் திரை இருண்டுவிடும்.

நேற்றும் அப்படித்தான் அணைத்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஏன் பாப்பா, பாட்டு நல்லாத்தான இருக்கும்?"

"அது சும்மா சொல்லுது" என்றாள்.

"இல்ல பாப்பா. அணிலு சொன்னா வரும். நேத்து வந்துச்சுல்லா? நாளைக்கும் கண்டிப்பா வரும், பாரு" என்றேன். அந்தத் துணிப் பொம்மைக்காக நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நாற்காலியைத் தூக்கிச் சுவரோரமாகப் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள்.